பக்கம் திறக்காத நாளில் பயர்பாக்ஸ்: ஒரு மதிப்புரை

பிரவுசர் மதிப்புரை என்றால் வேகம் எப்படி, இருபது டேப் திறந்தால் எவ்வளவு ராம் எடுக்கிறது, விளம்பரத்தைத் தடுக்கிறதா என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அதெல்லாம் நன்றாக ஓடுகிற நாளுக்கான கணக்கு. நேற்று ராத்திரி வரை ஒழுங்காக ஓடிய பிரவுசர் இன்று காலையில் ஒரு பக்கத்தைக்கூடத் திறக்க மாட்டேன் என்கிறது, அதே வைஃபையில் போனில் எல்லாம் வருகிறது, விண்ணப்பத்துக்கு இன்றே கடைசி நாள். அந்த நேரத்தில் பிரவுசர் நம்மிடம் என்ன சொல்கிறது, எங்கெங்கே கை வைத்துப் பார்க்க விடுகிறது என்பதை வைத்துத்தான் நான் ஒரு பிரவுசரை எடை போடுவேன். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் என்று பலருடைய கணினியும் என்னிடம்தான் வரும், வருவதில் பாதி "நெட்டு வரல" என்ற ஒரே புகார்தான். பல வருடமாக இதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அந்த நாளில் எனக்குக் கை கொடுப்பது பயர்பாக்ஸ்தான். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ் எல்லாம் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டவை. பயர்பாக்ஸ் மட்டும் கெக்கோ என்ற தன் சொந்த இன்ஜினில் ஓடுகிறது. அதோடு நிற்கவில்லை. தளங்கள் தங்கள் அடையாளத்தைக் காட்ட வைத்திருக்கும் சான்றிதழ்களில் எதை நம்பலாம் என்ற பட்டியலை விண்டோஸிடம் கேட்காமல் தானே வைத்திருக்கிறது. நமக்கும் தளத்துக்கும் நடுவில் நிற்கிற ப்ராக்ஸி என்ற இடைத்தரகர் சர்வரின் அமைப்புக்குத் தனிப் பக்கம் வைத்திருக்கிறது. தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் வேலையையும், நாம் விரும்பினால், கணினியை நம்பாமல் தானே பார்த்துக்கொள்ளும். தன் காலில் நிற்கிற பிரவுசர் என்று சொல்லலாம். எல்லாவற்றிலும் பக்கம் வந்து இதில் மட்டும் வராமல் போவதற்கும் அதுதான் காரணம், எல்லாவற்றிலும் வராமல் இதில் மட்டும் வருவதற்கும் அதுதான் காரணம். இதைப் புரிந்துகொண்டால் பழுது பார்ப்பதில் பாதி வேலை முடிந்தது.

குரோமில் பக்கம் வரவில்லை என்றால் உடனே எட்ஜைத் திறந்து, அதிலும் வராவிட்டால் "நெட்டே போச்சு" என்று முடிவு கட்டுகிறார்கள். இரண்டும் ஒரே இன்ஜின், இரண்டும் விண்டோஸின் ப்ராக்ஸியைத்தான் எடுத்துக்கொள்கின்றன. விண்டோஸில் யாரோ ஒரு இலவச விபிஎன் மென்பொருளைப் போட்டு, அது போகும்போது ப்ராக்ஸியை 127.0.0.1 என்று, அதாவது இதே கணினியின் முகவரியாக, வைத்துவிட்டுப் போயிருந்தால் இரண்டுமே சேர்ந்து படுத்துவிடும். பயர்பாக்ஸும் இயல்பாக விண்டோஸ் ப்ராக்ஸியைத்தான் எடுக்கும், ஆனால் அமைப்புகளில் பொது என்ற பகுதியில் கடைசி வரை கீழே போனால் நெட்வொர்க் அமைப்புகள் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதில் "ப்ராக்ஸி வேண்டாம்" என்று ஒரு புள்ளியை மாற்றினால் போதும். பக்கம் வந்துவிட்டால் லைனில் பழுதில்லை, ரௌட்டரில் பழுதில்லை, விண்டோஸின் ப்ராக்ஸி அமைப்பில்தான் கோளாறு என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பாட்டு கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

இனி பிழைப் பக்கங்கள். பலரும் இவற்றைப் படிப்பதே இல்லை, "மீண்டும் முயற்சி செய்" பொத்தானை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்துகிறார்கள். தயவுசெய்து படியுங்கள், பயர்பாக்ஸின் பிழைப் பக்கங்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தைச் சொல்கின்றன. தளத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் டிஎன்எஸ் வரைக்குமே விஷயம் போய்ச் சேரவில்லை, அல்லது பெயருக்கு விடை வரவில்லை என்று பொருள். இணைக்க முடியவில்லை என்றால் முகவரி கிடைத்துவிட்டது, அந்தப் பக்கம் கதவைத் திறக்கவில்லை. நேரம் கடந்துவிட்டது என்றால் தட்டிவிட்டுக் காத்திருந்தும் பதிலே இல்லை, சர்வர் திணறுகிறது அல்லது நடுவில் ஏதோ ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்குகிறது. ப்ராக்ஸி சர்வர் மறுக்கிறது என்று வந்தால் மேலே சொன்ன கதைதான், நேராக அமைப்புக்குப் போய்விடலாம்.

2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் உலகம் முழுக்கக் காணாமல் போனதே, அன்று முதலில் எட்ட முடியாமல் போனது அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்கள். அதனால் பிரவுசர்களில் வந்தது "தளத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை" வகைப் பிழை. மற்ற தளங்கள் வந்து அவை மட்டும் வராதபோது, கோளாறு அங்கேதான் என்று கண்டுபிடிக்க அந்த ஒரு வரியே போதுமானதாக இருந்தது.

சான்றிதழ்ப் பிழைகளில்தான் பயர்பாக்ஸ் எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. எங்கள் தெருமுனையில் ஒரு ஜெராக்ஸ் கடை, அண்ணாச்சியிடம் பழைய டெஸ்க்டாப் ஒன்று, ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்கிற பிள்ளைகள் கூட்டம் எப்போதும் நிற்கும். ஒரு காலையில் போன். "தம்பி, ஒண்ணுமே தொறக்க மாட்டேங்குது, எல்லாத்துலயும் சிவப்பா பூட்டு போட்டுக் காட்டுது, வைரஸ் கியரஸ் வந்துட்டா?" போய்ப் பார்த்தால் பயர்பாக்ஸ் திரையில் தெளிவாகவே எழுதியிருந்தது: உங்கள் கணினியின் கடிகாரம் தவறாக இருக்கிறது, உங்கள் கணினி இன்றைய தேதி இது என்று நினைக்கிறது, அதனால் பாதுகாப்பாக இணைக்க முடியவில்லை. தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்துப்போனால், ராத்திரி மெயினை அணைத்துவிட்டுப் போனதும் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் ஒவ்வொரு தளமும் செல்லாத தளமாகத் தெரியும். தேதியை மாற்றியதும் எல்லாம் திறந்தது, சாயங்காலம் பேட்டரியை மாற்றினோம். காசு சில பத்து ரூபாய். இதற்கு விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் காசு வாங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

இன்னொரு வகை ஆன்டிவைரஸ். சில ஆன்டிவைரஸ்கள் நாம் பார்க்கிற எச்டிடிபிஎஸ் பக்கங்களை நடுவில் நின்று பிரித்துப் பார்த்துவிட்டு, தன் சொந்தச் சான்றிதழை ஒட்டி நமக்குக் கொடுக்கும். அந்தச் சான்றிதழை விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் அதுவே சேர்த்துவிடுவதால் மற்ற பிரவுசர்கள் வாய் திறக்காது. பயர்பாக்ஸ் அப்போதெல்லாம் தன் பட்டியலை மட்டும் பார்த்ததால் "இது யார் கொடுத்த சான்றிதழ்?" என்று நிறுத்திவிடும். நண்பரின் அப்பாவுடைய லேப்டாப்பில் இப்படித்தான் ஆனது, அவர் பயர்பாக்ஸைத் திட்டிக்கொண்டிருந்தார். பிழைப் பக்கத்தைப் படித்தால், ஒரு மென்பொருள் பாதுகாப்பான இணைப்பைத் தடுக்கிறது என்று சொல்லி, சான்றிதழ் கொடுத்தவர் பெயரையும் போட்டிருந்தது, அவர் மூன்று மாத இலவசத்தில் போட்டு மறந்தே போன ஆன்டிவைரஸின் பெயர். அதை நீக்கியதும் சரியானது. தன் வங்கிக் கணக்குப் பக்கத்தை ஒரு மென்பொருள் நடுவில் பிரித்துப் பார்க்கிறது என்பது அவருக்கு அதுவரை தெரியாது. தெரிய வைத்த பிரவுசரைத்தானே நல்ல பிரவுசர் என்று சொல்ல வேண்டும்?

இப்படிப் புகார்கள் அதிகம் வந்ததால் 68ஆம் பதிப்பில், அதாவது 2019 ஜூலையில், இந்த மாதிரிச் சிக்கலைக் கண்டால் கணினியின் பட்டியலில் சேர்க்கப்பட்ட சான்றிதழ்களையும் எடுத்துப் பார்க்கும்படி மாற்றினார்கள். இப்போது தனியுரிமைப் பகுதியில் அதற்கு ஒரு டிக் பெட்டியே இருக்கிறது. அலுவலகக் கணினி என்றால் அது வேண்டியிருக்கும். வீட்டுக் கணினியில் நான் அதை எடுத்துவிடுவேன்.

தனிப் பட்டியல் வைத்திருப்பதன் பலன் பெரிதாகத் தெரிந்தது 2021 செப்டம்பர் 30 அன்று. இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ் வைத்திருந்த கோடிக்கணக்கான தளங்கள் சார்ந்திருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ், அதாவது மற்ற சான்றிதழ்களுக்கு அடித்தளமான சான்றிதழ், அன்று காலாவதியானது. புதுப்பிப்பு நின்றுபோன பழைய மேக் கணினிகளில் சஃபாரி, குரோம் இரண்டும் கணினியின் பட்டியலையே நம்பியிருந்ததால் நேற்று வரை வந்த தளங்கள் திடீரென்று வராமல் போயின. அதே கணினியில் பயர்பாக்ஸைப் போட்டவர்களுக்கு வந்தது, ஏனென்றால் புதிய மூலச் சான்றிதழ் பயர்பாக்ஸுக்குள்ளேயே இருந்தது. பழைய ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களுக்கும் பயர்பாக்ஸ் போடச் சொல்லி லெட்ஸ் என்கிரிப்டே அதற்கு முந்தைய வருடம் அறிவுறுத்தியிருந்தது. பழைய கணினியைத் தூக்கிப் போட முடியாத வீடுகள் நம் பக்கத்தில் நிறைய, அவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, இனி பயர்பாக்ஸின் மோசமான நாளுக்கு வருவோம், அதைச் சொல்லாமல் விட்டால் இது மதிப்புரை ஆகாது. 2022 ஜனவரி 13. உலகம் முழுக்க பயர்பாக்ஸ் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் எந்தப் பக்கத்தையும் திறக்கவில்லை. பிழைப் பக்கம்கூட வராது, சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். 96ஆம் பதிப்பு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்ததால் முதலில் சந்தேகம் அதன் மேல்தான் விழுந்தது. உண்மைக் காரணம் வேறு. பயர்பாக்ஸ் தன் பயன்பாட்டுத் தகவலைத் தன்னைத் தயாரிக்கும் மொசில்லாவுக்கு அனுப்புகிற டெலிமெட்ரி சர்வர் ஒரு கிளவுட் சேவையில் இருந்தது, அந்தச் சேவை எச்டிடிபி/3 என்ற புதிய நெறிமுறையை முன்னறிவிப்பில்லாமல் இயல்புநிலையாக மாற்றிவிட்டது. பயர்பாக்ஸின் எச்டிடிபி/3 பகுதியில் ஏற்கெனவே ஒரு பிழை தூங்கிக்கொண்டிருந்தது. அனுப்புகிற தகவல் எவ்வளவு நீளம் என்று சொல்லும் தலைப்பு வரியின் பெயரைப் பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்று பார்த்துத்தான் தேடும். டெலிமெட்ரியை அனுப்பும் பகுதியோ எல்லாத் தலைப்பையும் சிறிய எழுத்தில் எழுதும். தேடியது கிடைக்கவில்லை, அனுப்ப ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு அந்த நிரல் முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொண்டது. பயர்பாக்ஸின் எல்லா நெட்வொர்க் வேலையும் ஒரே இழையில் போகிறது என்பதால், அந்த ஒரு கோரிக்கை மாட்டியதும் பின்னால் வந்த அத்தனையும் நின்றுபோயின. ஒற்றைத் தடத்தில் ஒரு ரயில் நின்றால் பின்னால் வருகிற எல்லா ரயிலும் நிற்பது போல.

மொசில்லா இதை மூடி மறைக்கவில்லை. சர்வர் பக்கத்தில் எச்டிடிபி/3ஐ நிறுத்தி அன்றே சரி செய்தார்கள், மறுநாளே 96.0.1 பதிப்பைக் கொடுத்தார்கள், அடுத்த மாதமே எந்த வரியில் என்ன தவறு என்று விளக்கமாக எழுதினார்கள். அதைப் பாராட்டுகிறேன். ஆனால் பயனருக்கு எந்த நன்மையும் தராத ஒரு பின்னணி வேலை, பயனர் கேட்ட பக்கத்தைத் தடுக்கிற நிலையில் இருந்தது என்பது வடிவமைப்புக் குறைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. டெலிமெட்ரியை அணைத்து வைத்திருந்தவர்கள் அன்று பெரும்பாலும் தப்பித்தார்கள். நான் யாருக்கு பயர்பாக்ஸ் போட்டுக் கொடுத்தாலும் தனியுரிமைப் பகுதியில் அந்த டிக்கை எடுத்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

அன்றைக்கும் சர்வர் சரியாகும் வரை காத்திருக்க மனமில்லாதவர்கள் முகவரிப் பட்டையில் அபௌட்:கான்ஃபிக் (about:config, உள் அமைப்புகளின் பட்டியல்) என்று அடித்து, எச்டிடிபி3 என்று தேடி, அந்த ஒரு வரியை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு, மூடித் திறந்து வேலையைத் தொடர்ந்தார்கள். பிரவுசர் தயாரித்தவர்களே காரணத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் பயனர்கள் கையில் ஒரு திருகாணி இருந்தது. இந்த அளவுக்கு உள்ளே கை விட அனுமதிக்கிற பிரவுசர் வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

உள்ளே இருக்கும் மற்ற கருவிகளையும் சொல்லிவிடுகிறேன், நான் எந்த வரிசையில் தொடுகிறேனோ அந்த வரிசையிலேயே. முதலில் கன்ட்ரோல், ஷிப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துவேன், கேச்சில் சேமித்து வைத்த பழைய நகல் இல்லாமல் புதிதாக இழுக்கும். அப்புறம் தனிப்பட்ட சாளரம். அதில் வந்தால் குக்கியோ (தளம் நம் கணினியில் விட்டு வைக்கும் குறிப்பு) ஒரு ஆட்ஆனோதான் (நாம் கூடுதலாகச் சேர்த்த துணை நிரல்) காரணம், பூட்டுச் சின்னத்தை அழுத்தி அந்தத் தளத்தின் குக்கியை மட்டும் அழித்தால் பெரும்பாலும் முடிந்தது. எல்லாக் குக்கியையும் அழித்து எல்லாத் தளத்திலும் கடவுச்சொல் கேட்க வைக்காதீர்கள், வீட்டுப் பெரியவர்கள் பாவம். அதிலும் வரவில்லை என்றால் அபௌட்:நெட்வொர்க்கிங் (about:networking) பக்கம். டிஎன்எஸ் பகுதியில் கேச்சை அழிக்க ஒரு பொத்தான், பக்கத்திலேயே ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தால் ஐபி வருகிறதா என்று பார்க்கிற கருவி. வருகிறது என்றால் டிஎன்எஸ் நன்றாக இருக்கிறது, மேலே போகலாம். விண்டோஸின் கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை அடிக்கத் தெரியாதவருக்கும் போனில் சொல்லிச் செய்ய வைக்கலாம், செய்ய வைத்திருக்கிறேன்.

டிஎன்எஸ் என்றதும் ஒரு எச்சரிக்கை. பாதுகாப்பான டிஎன்எஸ் பகுதியில் "அதிகபட்சப் பாதுகாப்பு" என்று ஒரு தேர்வு இருக்கிறது. பெயரைப் பார்த்து ஆசைப்பட்டு அதை வைத்துவிடுகிறார்கள். அதில் வைத்தால், தேர்ந்தெடுத்த டிஎன்எஸ் சேவையை எட்ட முடியாதபோது கணினியின் டிஎன்எஸுக்கு அது தானாகத் திரும்பாது. கல்லூரி வைஃபையிலும் அலுவலக நெட்வொர்க்கிலும் திடீரென்று ஒன்றும் வராமல் போவதற்கு இது ஒரு காரணம். அதற்கு ஒரு படி கீழே இருக்கும் தேர்வு தேவைப்பட்டால் பழைய வழிக்குத் திரும்பிக்கொள்ளும், வீட்டுக்கு அது போதும்.

ஆட்ஆன்களைச் சந்தேகித்தால் உதவி மெனுவில் பழுதுபார்ப்பு முறை. 88ஆம் பதிப்பு வரும்வரை இதற்குப் பாதுகாப்பு முறை என்று பெயர். ஆட்ஆன், தீம், ஹார்டுவேர் முடுக்கம் எல்லாவற்றையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத் திறக்கும். இங்கே எனக்கு ஒரு கடுமையான குறை. அந்தச் சின்னப் பெட்டியில் "திற" பொத்தானுக்குப் பக்கத்திலேயே "பயர்பாக்ஸைப் புதுப்பி" என்ற பொத்தானும் இருக்கிறது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்: முதலாவது சோதனை, இரண்டாவது ஆட்ஆன்களையும் நாம் மாற்றிய அமைப்புகளையும் துடைத்துவிடுகிற அறுவை. புக்மார்க், கடவுச்சொல், வரலாறு போகாது, பழைய தகவல் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டராகவும் வந்து உட்காரும், ஆனாலும் பதற்றத்தில் இருப்பவர் முன்னால் இந்த இரண்டையும் ஒட்டி வைக்கக் கூடாது. நான் போனில் சொல்லும்போது "இடது வலது பார்க்காதீங்க, எழுத்தைப் படிச்சுட்டு அழுத்துங்க" என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ப்ராக்ஸி அமைப்பைப் பொதுப் பகுதியின் அடியில் ஒளித்து வைத்திருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. பிழைப் பக்கத்திலிருந்தே நேராக அங்கே போக ஒரு இணைப்பு வைத்தால் எத்தனையோ பேருக்கு என் போன்ற ஆளே தேவைப்படாது.

பயர்பாக்ஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட மறுநாள் மட்டும் பக்கம் வரவில்லை, மற்ற பிரவுசர்களில் வருகிறது என்றால் ஃபயர்வாலைப் பாருங்கள். சில ஃபயர்வால்கள் புதிய பதிப்பைப் புது ஆளாக நினைத்து வாசலிலேயே நிறுத்திவிடும், அனுமதிப் பட்டியலிலிருந்து பயர்பாக்ஸை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் சரியாகும். லினக்ஸில் வேறு கதை: பின்னணியில் புதுப்பிப்பு முடிந்துவிட்டால் புதிய டேப் எதுவும் திறக்காமல் "மறுதொடக்கம் செய்யுங்கள்" என்று ஒரு பக்கம் மட்டும் வரும், செய்தால் பழைய டேப்கள் திரும்பிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. ஹோட்டல், விமான நிலைய வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் வராமல் தவித்தால் மேலே ஒரு பட்டை தானாக வந்து அந்தப் பக்கத்துக்கு அழைத்துப் போகும், அது நன்றாகவே வேலை செய்கிறது.

யாருக்கு இதைச் சொல்வேன்? குரோமைப் பழகியவர்கள் அதை விட வேண்டாம், ஆனால் இரண்டாவது பிரவுசராக எட்ஜை நம்பாமல் பயர்பாக்ஸைப் போட்டு வையுங்கள், ஒன்று விழும்போது இன்னொன்று வேறு காரணத்துக்காகத்தான் விழும். இன்னும் விண்டோஸ் 7 ஓட்டுகிற கடைக் கணினிகளுக்கு குரோம் 109ஓடு நின்றுவிட்டது, பயர்பாக்ஸில் 115 இஎஸ்ஆர் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு இருக்கிறது, அதற்குப் பிறகும் நெடுநாள் பாதுகாப்புத் திருத்தம் கொடுத்தார்கள், இருந்தாலும் கையில் காசு வந்ததும் கணினியை மாற்றிவிடுவதே நல்லது. விலை ஒன்றுமில்லை, மொசில்லாவின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், தேடலில் மேலே விளம்பரமாக வரும் இணைப்புகளைத் தொடாதீர்கள். ஐபோன்காரர்களுக்கு மட்டும் இதில் பெரும்பாலானவை பொருந்தாது. அங்கே பயர்பாக்ஸ் என்ற பெயரில் ஓடுவதும் ஆப்பிளின் வெப்கிட் இன்ஜின்தான், நான் சொன்ன உள் கருவிகளில் பலவும் அதில் கிடையாது.